பசிபிக் காமிக்ஸ் 1981–84: எப்படி எழுந்தது, எதனால் படுத்தது?

கட்டம்எட்டு
ராக்கெட்டியர், க்ரூ மாதிரி அமெரிக்க காமிக்ஸ் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "முதலில் பசிபிக்கில் வந்தது" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அந்த பசிபிக் பதிப்பகமாக நின்றது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜாக் கிர்பி, நீல் ஆடம்ஸ், மைக் கிரெல், செர்ஜியோ அரகோனெஸ், டேவ் ஸ்டீவன்ஸ் என்று இத்தனை பெரிய ஓவியர்கள் இருந்தும் ஏன் நிற்கவில்லை? படைப்பாளிகளுக்கு அள்ளிக் கொடுத்துக் கெட்டார்கள் என்று ஒரு கட்சி, இதழ்கள் தாமதமானதுதான் காரணம் என்று இன்னொரு கட்சி. வியாபாரக் கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்.

கிடங்குக்காரன்
கணக்கிலிருந்தே தொடங்கலாம். இல்லாவிட்டால் "பாவம், நல்ல பசங்க" என்று பேச்சு முடிந்துவிடும்.

பசிபிக் பதிப்பகமாகப் பிறக்கவே இல்லை. 1971-ல் சான் டியாகோவில் ஸ்டீவ் ஷேன்ஸ், பில் ஷேன்ஸ் என்ற சகோதரர்கள் பள்ளி வயதிலேயே தபால் மூலம் காமிக்ஸ் விற்கத் தொடங்கினார்கள். பிறகு கடை போட்டார்கள். அதன்பின் மற்ற கடைகளுக்கும் சரக்கு அனுப்பும் விநியோகஸ்தர் ஆனார்கள். 1981-ல்தான் சொந்தமாகப் புத்தகம் போட்டார்கள். தபால், கடை, விநியோகம், பதிப்பு: இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதுவரை அமெரிக்காவில் காமிக்ஸ் விற்றது மருந்துக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இருந்த சுழல் தட்டுகளில். விற்காத பிரதியின் அட்டையில் மேல்பட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் வாபஸ். பிறகு அந்தச் சிரமமும் போய், "இத்தனை பிரதியை அழித்துவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றானது. அந்தத் தாளில் எவ்வளவு உண்மை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அச்சடித்ததில் பாதிகூட விற்காத தலைப்புகள் சாதாரணம். புதுப் பதிப்பகம் அந்தத் தட்டுக்குள் நுழைய வேண்டுமானால், விற்கிற ஒரு பிரதிக்காக இரண்டு மூன்று அச்சடிக்கக் காசு வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஃபில் ஸ்யூலிங் இதற்கு வேறு வழி கண்டார். "விற்காததைத் திருப்பித் தரமாட்டேன், அதற்கு ஈடாகக் கழிவைக் கூட்டிக் கொடு." கழிவு அட்டை விலையில் 60 சதவீதம் வரை போனது. இதைத்தான் நேரடிச் சந்தை என்கிறோம். பெரிய பதிப்பகங்கள் அவருக்கு மட்டும் தந்த சலுகைகளை எதிர்த்து இர்ஜாக்ஸ் என்ற விநியோக நிறுவனம் வழக்குப் போட்டது. அதன்பிறகு பிராந்தியத்துக்கு ஒன்றாக விநியோகஸ்தர்கள் முளைத்தார்கள். பசிபிக் அவர்களில் ஒருவர்.

சந்தேகம்சாமி
அப்போ ஆர்டர் முன்னாடியே கைக்கு வந்துடுது, ரிட்டர்னும் கிடையாது. இதுல நஷ்டப்பட தனித் திறமை வேணுமே! கிர்பிக்கும் ஆடம்ஸுக்கும் அள்ளிக் கொடுத்ததுதான் காரணம்னு நான் இன்னும் நினைக்கிறேன்.

பின்னட்டை
என்ன கொடுத்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

பசிபிக் போட்ட கிர்பியின் கேப்டன் விக்டரி முதல் இதழின் அட்டைத் தேதி நவம்பர் 1981. விலை 1 டாலர். அப்போது மார்வல், டிசி இதழ்கள் 50 சென்ட். கடைகளுக்கு மட்டுமே போனது, மருந்துக்கடைத் தட்டுக்குப் போகவில்லை. கிர்பி அந்த நேரத்தில் தொலைக்காட்சி அனிமேஷனில் இருந்தார். காமிக்ஸ் கம்பெனிகளுக்காகத் தான் உருவாக்கிய எதுவும் தன் பெயரில் இல்லை என்ற கசப்போடு விலகியிருந்த மனிதர். பசிபிக் அவருக்குத் தந்தது இரண்டு: பாத்திரங்களும் கதையும் அவருக்கே சொந்தம், விற்பனையில் ராயல்டி.

இரண்டும் வேறு வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராயல்டி என்பது விற்ற எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு. அதை யார் வேண்டுமானாலும் தரலாம். பசிபிக் வந்த சூட்டோடு டிசியும் மார்வலும்கூட ஓர் இதழ் 1 லட்சம் பிரதியைத் தாண்டினால் பங்கு என்று அறிவித்தன. உரிமை என்பது, பதிப்பகம் மூடினாலும் நீ உன் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டலாம் என்பது. அரகோனெஸ் க்ரூவை 1970-களிலேயே யோசித்துவிட்டு, உரிமையைத் தரச் சம்மதிக்கும் ஆள் கிடைக்கும்வரை பெட்டியிலேயே வைத்திருந்தார். பசிபிக்கின் க்ரூ முதல் இதழ் டிசம்பர் 1982.

பதிப்பகத்துக்கு உரிமையைத் தருவதால் காசு செலவே இல்லை. ராயல்டியும் விற்றால்தான். ஆகவே இதில் "அள்ளிக் கொடுத்தது" எங்கே?

கிடங்குக்காரன்
சாமி, இதோ ஓர் உதாரணக் கணக்கு. இது பசிபிக்கின் பேரேடு கிடையாது, அந்தக் காலத்து நடைமுறையைக் காட்ட நான் போடும் எண்கள்.

1 டாலர் இதழ், 30,000 ஆர்டர். விநியோகஸ்தருக்கு 60 சதவீதக் கழிவு, பதிப்பகத்துக்கு 40 சென்ட். மொத்த வரவு 12,000 டாலர். அச்சும் தாளும் பிரதிக்கு 15 சென்ட் என்றால் 4,500 போயிற்று. ஓவியர், எழுத்தாளர், வண்ணம், எழுத்து வரைபவர் எல்லாம் சேர்த்து முன்பணம் 4,000. மிச்சம் 3,500. அதில் அலுவலகம், விளம்பரம், வண்டி வாடகை. தப்பிக்கலாம்.

இதே இதழுக்கு 12,000 ஆர்டர்தான் வந்தது என்று வையுங்கள். வரவு 4,800. அச்சு பிரதிக்கு 15-ல் நிற்காது, 20-க்கு ஏறும். பிளேட் செலவும் வண்ணப் பிரிப்புச் செலவும் எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதானே. ஆக 2,400. முன்பணம் அதே 4,000. கையைக் கடித்தாயிற்று. பதிப்பில் இருக்கும் ஆபத்து இதுதான், ஆனால் இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. ஆர்டர் எண்ணிக்கை அச்சுக்கு முன்பே கையில் இருக்கிறது. சரியில்லையென்றால் தொடரை நிறுத்திவிடலாம்.

நிறுத்தாமல் தலைப்புகளைக் கூட்டினால்? 1983-ல் பசிபிக் அதைத்தான் செய்தது. திகில் தொகுப்பு, விண்வெளித் தொகுப்பு, எல்ரிக், சில்வர் ஸ்டார், சாமர்செட் ஹோம்ஸ், வான்கார்ட் என்று மாதா மாதம் பட்டியல் நீண்டது. ஸ்கேட்மேன் மாதிரி ஒரே இதழோடு நின்றதும் அதில் உண்டு. அதே வருஷம் ஃபர்ஸ்ட், எக்லிப்ஸ் என்ற மற்றச் சிறு பதிப்பகங்களும் அதே கடைகளின் அதே பட்ஜெட்டுக்குப் போட்டியாக வந்து நின்றார்கள்.

மைக்கூடு
தாள், வண்ணம் பற்றிக் கொஞ்சம். விலை ஏறியதும் தரம் தெரியவேண்டும் என்ற நெருக்கடி அந்தக் காலச் சிறு பதிப்பகங்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. வெள்ளைத் தடித்தாளுக்குப் போனார்கள். இங்கேதான் ஒரு பொறி.

பழைய முறையில் வண்ணக்காரர் ஜெராக்ஸ் பிரதியில் வாட்டர்கலர் பூசி, ஒவ்வொரு இடத்திலும் குறியீடு எழுதுவார்: மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் 25, 50, 100 சதவீதம் அல்லது பூஜ்யம். நான்கு நிலை, மூன்று மை, மொத்தம் 64 வண்ணம். பிரிப்பு நிலையத்தில் ஆட்கள் அந்தக் குறியைப் பார்த்துக் கையால் படலம் நிரப்புவார்கள். செய்தித்தாள் போன்ற தாளில் மை ஊறிப் புள்ளி பெருத்து, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மங்கி நிற்கும். கண்ணுக்கு இதம். அதே குறியீட்டை வெள்ளைத் தாளில் அடித்தால் மை மேலேயே நிற்கும். தோல் நிறம் ரோஜாப் பூ மாதிரி, வானம் பெயின்ட் டப்பா மாதிரி. 1980-களின் "ஆடம்பரப் பதிப்பு" பலவற்றைத் திறந்ததும் கண் கூசுவது இதனால்தான்.

இதற்கு மாற்று நீலக்கோட்டு முறை. ஓவியத்தை வெளிர்நீலத்தில் ஓர் அட்டையில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டி, கறுப்புக் கோட்டைத் தனியாக ஒளிபுகும் படலத்தில் மேலே வைப்பார்கள். அழகு. ஆனால் ஈர வண்ணம் பட்டதும் அட்டை ஒரு முடியளவு விரியும், காய்ந்ததும் சுருங்கும். படலம் விரியாது, சுருங்காது. விளைவு, மூக்கின் கோடு ஓரிடம், மூக்கின் நிறம் இன்னோரிடம். கவனமான வண்ணக்காரர் அட்டையை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, தண்ணீரைக் குறைத்து, முழுசாகக் காய்ந்த பிறகே பதிவுக் குறிகளைச் சரிபார்ப்பார். அதற்கு நாள் வேண்டும். ஏற்கெனவே தாமதமான இதழில் முதலில் வெட்டுப்படுவது அந்த நாள்தான்.

பின்னட்டை
தாமதம் என்றதும் எல்லாரும் காட்டுவது நீல் ஆடம்ஸின் மிஸ் மிஸ்டிக். முதல் இதழ் அக்டோபர் 1982, இரண்டாவது பிப்ரவரி 1984. நடுவில் 16 மாதம். பசிபிக்கில் மூன்றாவது வரவே இல்லை.

இதைப் படைப்பாளியின் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் முறையைப் பாருங்கள். மார்வலில் ஒருவர் தாமதமானால் ஆசிரியர் வேறொருவரைப் போட்டு இதழை நிரப்புவார், அல்லது அலமாரியிலிருந்து ஒரு நிரப்புக் கதையை எடுப்பார். உரிமை ஓவியரிடம் இருக்கும்போது அந்த மாற்று வழி இல்லை. மிஸ் மிஸ்டிக்கை ஆடம்ஸைக் கேட்காமல் வேறு யாரும் தொடமுடியாது. பசிபிக் விற்ற சரக்கும் அதுதான்: "இவரே வரைந்தது". ஆக உரிமையின் மறுபக்கம் தாமதம்.

பெரியவர்களும் தாமதமானார்கள். டிசியின் கேமலாட் 3000, 12 இதழ்த் தொடர், 11-வது ஜூலை 1984, கடைசி இதழ் ஏப்ரல் 1985. டிசி அசரவில்லை. சூப்பர்மேன், பேட்மேன் மாதா மாதம் காசு கொண்டுவந்தார்கள்.

சந்தேகம்சாமி
சரி, தாமதம் ஆனா கடைக்காரனுக்கு என்ன? வரும்போது வித்துக்கறான்.

கிடங்குக்காரன்
வித்துக்கறானா? அவன் ஆர்டர் போட்டது இதழ் வரவேண்டிய தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். முதல் இதழுக்கு 100 எடுத்தவன், அந்தச் சூட்டில் இரண்டாவதுக்கும் 100 என்று எழுதிவிட்டான். இதழ் ஒரு வருஷம் கழித்து வந்து இறங்குகிறது. வாசகர்கள் மறந்தாயிற்று. 40 விற்கும், 60 நிற்கும். திருப்பி அனுப்ப முடியாது, சந்தையின் விதியே அதுதான். அந்த 60 பிரதியின் காசு பழைய இதழ்ப் பெட்டியில் முடங்குகிறது. அடுத்த மாதம் அவன் விநியோகஸ்தருக்குப் பணம் கட்டும்போது இழுக்கிறான்.

அந்த விநியோகஸ்தர் யார்? பசிபிக்கே!

நான் முதலில் சொன்ன வரிசை இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கிறது. வெறும் பதிப்பகமாக இருந்திருந்தால் மேலே போட்ட கணக்கோடு முடிந்திருக்கும். விநியோகக் கணக்கு வேறு ஜாதி.

மறுபடியும் உதாரணம். விநியோகஸ்தர் ஒரு பிரதியை 40 சென்டுக்கு எடுத்துக் கடைக்கு 50-க்குத் தருகிறார். இடையில் 10 சென்ட். இந்தப் பத்தில்தான் லாரி, பெட்டி பிரித்துக் கடைவாரியாக எண்ணி வைக்கும் ஆள், முனை மடங்கியதற்கு ஈடு, எண்ணிக்கை குறைந்ததற்கு ஈடு எல்லாம். ஒரு கடை 100 பிரதி கடனுக்கு எடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறது. விநியோகஸ்தர் பதிப்பகத்துக்குக் கட்டவேண்டிய 40 டாலர் கட்டியே ஆகவேண்டும். அந்த 40 டாலரை ஈடுகட்ட, செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் 400 பிரதி விற்றாகவேண்டும். ஒரு கடை ஓடினால் நாலு நல்ல கடைகளின் லாபம் காலி.

பெட்டியில் பெரும்பங்கு பசிபிக் புத்தகமும் இல்லை. மார்வல், டிசி சரக்குதான். அவர்களுக்குக் கெடு தேதி தவறக்கூடாது, தவறினால் அடுத்த வாரச் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் கடைகள் வேறு விநியோகஸ்தரிடம் ஓடும், பழைய பாக்கியும் அதோடு போகும். அப்படியான நெருக்கடியில் கையில் இருக்கும் காசு யாருக்குப் போகும்? வெளியாளுக்குத்தான். சொந்தப் பதிப்புக்கு வரவேண்டியது பின்னால் தள்ளப்படும். ஒரே வீட்டில் இரண்டு உண்டியல், ஒன்று ஓட்டை.

ஸ்யூலிங் ஆரம்பத்தில் கடைகளிடம் முன்பணம் கேட்டதைத் திமிர் என்றார்கள். மேலே உள்ள 400 பிரதிக் கணக்கைப் பார்த்தால் அது திமிராகத் தெரியாது. பிராந்திய விநியோகஸ்தர்கள் கடனையும் கூடுதல் கழிவையும் காட்டித்தான் கடைகளை இழுத்தார்கள். வளர்ந்ததும் அதனால், விழுந்ததும் அதனால்.

கட்டம்எட்டு
1984-ல் மூடியபோது என்ன ஆயிற்று? சரக்கு, கிடங்கு எல்லாம்?

கிடங்குக்காரன்
கிடங்குகளையும் வாடிக்கைக் கடைகளையும் பட் ப்ளான்ட், கேபிடல் சிட்டி என்ற இரண்டு விநியோகஸ்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டும் பின்னால் டயமண்ட் என்ற இன்னொரு விநியோகஸ்தரின் வயிற்றுக்குள் போயின: பட் ப்ளான்ட் 1988, கேபிடல் 1996. பில் ஷேன்ஸ் டயமண்டிலேயே சேர்ந்து கொள்முதலைப் பல வருஷம் பார்த்தார். ஸ்டீவ் 1980-களின் நடுவில் பிளாக்தார்ன் என்று இன்னொரு பதிப்பகம் தொடங்கினார். முப்பரிமாணக் கண்ணாடி வைத்த இதழ்கள் ஞாபகம் இருக்கும். அதுவும் அந்தப் பத்தாண்டைத் தாண்டித் தாக்குப்பிடிக்கவில்லை. பெரிய விலைக்கு உரிமம் வாங்கி மைக்கேல் ஜாக்சன் படத்தை 3டி இதழாகப் போட்டது பலமான அடி. அது தனி இழைக்கு ஆகும்.

சந்தேகம்சாமி
விநியோகம் பக்கம் ஓட்டைன்னு ஒத்துக்கறேன். ஆனா உரிமையைக் கொடுத்ததும் தப்புத்தான்னு இன்னும் சொல்வேன். கம்பெனி சிக்கல்ல இருக்கும்போது விக்க ஒரு சொத்து இல்லையே. ராக்கெட்டியர் பசிபிக் கையில இருந்திருந்தா பேங்க்ல வெச்சுக் கடன் வாங்கியிருக்கலாம்.

பின்னட்டை
நல்ல கேள்வி. இதற்கு நேர் எதிர்ச் சோதனையே நடந்திருக்கிறது. கிராஸ்ஜென். ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம், மார்க் அலெஸி 1998-ல் தொடங்கியது. எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். ஓவியர்களை ஊருக்கு வரவழைத்து ஒரே கூடத்தில் மேசை போட்டு மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு. இதழ் தேதி தவறாது, அந்த விஷயத்தில் பசிபிக் கனவுகூடக் காணமுடியாத ஒழுங்கு. ஆனால் சம்பளம் நிலையான செலவு, ஆர்டர் 30,000 ஆனாலும் 12,000 ஆனாலும் மாதக் கடைசியில் கொடுத்தாகவேண்டும். தொகுப்பு நூல்களைப் பொதுப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பினார்கள், அங்கே பழைய விதி: விற்காதது திரும்பி வரும். வந்தது. 2004-ல் திவால். அந்த நவம்பரில் டிஸ்னி மொத்தச் சொத்தையும் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது.

உங்கள் வாதப்படி சொத்து இருந்தது சாமி. கம்பெனியைக் காப்பாற்றவில்லை. தொடர்கள் பாதிக் கதையில் நின்றன. பிறகு மார்வலும் டிஸ்னி குடும்பத்துக்குள் வந்ததால் 2011-ல் சிஜில், ரூஸ் மாதிரிச் சிலதைத் தூசி தட்டிக் குறுந்தொடராகப் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பசிபிக்கில் கம்பெனி செத்தது, கதைகள் சாகவில்லை. க்ரூ 120 இதழ் மார்வலின் எபிக் முத்திரையில் ஓடினான். ராக்கெட்டியர் படமே ஆயிற்று, 1991. கம்பெனியின் பக்கம் நின்று பார்த்தால் உங்கள் வருத்தம் சரி. வாசகன் பக்கம் நின்றால் எனக்கு பசிபிக்தான்.

சந்தேகம்சாமி
பாதி ஒத்துக்கறேன். மீதிப் பாதியை க்ரூவுக்காக விட்டுத் தர்றேன்.

பழையபெட்டி
இழையைப் படித்ததும் சேகரிக்க ஆசை வந்துவிட்டது. இணையத்தில் "பசிபிக் முழு செட்" என்று விற்கிறார்கள். எதை நம்புவது?

பின்னட்டை
"முழு செட்" என்று சொன்னாலே நின்று யோசியுங்கள். நடுவில் பதிப்பகம் மாறிய தொடர்கள் நிறைய. எண் தொடர்ந்து ஓடும், முத்திரை மட்டும் மாறும்.

ஸ்டார்ஸ்லேயர் 1 முதல் 6 பசிபிக், 7-லிருந்து ஃபர்ஸ்ட். கிரெல் கம்பெனி திவாலாகும்வரை காத்திருக்கவில்லை, 1983-லேயே கிளம்பிவிட்டார். ட்விஸ்டட் டேல்ஸ் 8 வரை பசிபிக், 9, 10 எக்லிப்ஸ். ஏலியன் வேர்ல்ட்ஸ் 7 வரை பசிபிக், 8, 9 எக்லிப்ஸ். சாமர்செட் ஹோம்ஸ் 4 வரை பசிபிக், 5, 6 எக்லிப்ஸ். இது தொடர்கதை, ஆகவே முதல் நாலை மட்டும் வாங்கினால் முடிவு தெரியாமலே போவீர்கள். சில்வர் ஸ்டார் 6 இதழோடு முழுமை.

ராக்கெட்டியர் இன்னும் சிக்கல். முதல் இரண்டு பகுதி ஸ்டார்ஸ்லேயர் 2, 3-ன் பின்பக்கங்களில். காலியாக இருந்த பக்கங்களை நிரப்பத்தான் ஸ்டீவன்ஸைக் கேட்டார்கள்! அடுத்த இரண்டு பசிபிக் பிரசன்ட்ஸ் 1, 2-ல். கடைசிப் பகுதி எக்லிப்ஸ் போட்ட சிறப்பிதழில், நவம்பர் 1984. ஐந்து வெவ்வேறு இதழ், மூன்று தலைப்பு.

மைக்கூடு
வாங்கும்போது நடு ஊசியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈரப்பதத்தில் கிடந்த பிரதியில் ஊசி துருவேறி, நடுத்தாளில் பழுப்பு வட்டம் இருக்கும். கறுப்பு அட்டை இதழ்களில் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும், நேரே எடுத்த படத்தில் மடிப்புக் கீறல் தெரியாது.

பழையபெட்டி
க்ரூ முதல் இதழ் என்று இரண்டு விதமாகக் காட்டுகிறதே? ஒன்று 1982, ஒன்று 1985.

பின்னட்டை
இரண்டும் உண்மையான முதல் இதழ்தான். டிசம்பர் 1982 தேதி இருப்பது பசிபிக், அது 8 இதழோடு ஏப்ரல் 1984-ல் நின்றது. அக்டோபர் 1984-ல் எக்லிப்ஸ் ஒரே ஒரு சிறப்பிதழ் போட்டது. மார்ச் 1985-ல் எபிக் மறுபடி 1-லிருந்து எண்ணத் தொடங்கியது. விற்பவர் தேதி போடாவிட்டால் அட்டையின் இடது மேல்மூலையில் யார் முத்திரை என்று பாருங்கள். பட்டியலில் ஸ்டார்ஸ்லேயர் 5-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த இதழ் வருவதற்கு முன்பே அதன் பின்பக்கத்தில் க்ரூ தலைகாட்டியிருக்கிறான். பல விற்பனையாளர்களுக்கு இது தெரியாததால் சாதாரண விலைக்கே கிடைக்கும்.